‘வீட்டுலதானே தைக்கிறீங்க?’

முன்னறையில் ஒரு மெஷின், தெரு முழுக்க வாடிக்கையாளர்கள், நேரங்காலம் பார்க்காத உழைப்பு. தையல் அக்காக்களின் கூலியைக் குறைக்கும் ஒற்றைக் கேள்வி பற்றிய சிறப்புக் கட்டுரை.

தீபாவளிக்கு ஐந்து நாள். விளக்கு வைக்கும் நேரம். முன்னறை ஜன்னலோரம் தையல் மெஷின். பக்கத்தில் சுவரோடு சாய்த்து இடுப்புயரத்துக்குத் துணிப்பைகள். ஒவ்வொரு பையிலும் குண்டூசி குத்திய துண்டுச்சீட்டு: ‘மாடி வீட்டு அக்கா, 2 ஜாக்கெட், 1 ஃபால்ஸ்’, ‘டீச்சர், சுடி, கை நீளம் கூட்டணும்’, ‘பாப்பா பட்டுப்பாவாடை, திங்கள் காலை அவசரம்’. சமையலறையில் குக்கர் மூன்றாவது விசில் விடுகிறது. அணைக்கப் போனவர் திரும்பி வந்து தரையில் மண்டியிடுகிறார். பாய்மேல் விரித்திருப்பது ஒரு கல்யாணப் பட்டின் ஜாக்கெட் துணி. 80 சென்டிமீட்டர் இருக்கும். புடவையோடு சேர்த்து நெய்து வந்தது. வெட்டில் பிசகினால் அதே நிறத்தில், அதே கரையோடு இன்னொரு துண்டு வாங்க முடியாது. சாக்பீஸில் கோடு போட்டாயிற்று. கத்தரியைக் கையில் எடுத்தவர் அதைக் கீழே வைத்துவிட்டு, டேப்பை எடுத்து அக்குள் சுற்றளவை மறுபடி அளக்கிறார்.

அந்த நேரம் பார்த்து வாசலில் குரல். “என்னக்கா, லைனிங் ஜாக்கெட்டுக்கு நானூறா? கடைக்காரன் கேட்டா சரி, வாடகை கட்டுறான். நீங்க வீட்டுலதானே தைக்கிறீங்க!”

நாகர்கோவிலோ ஓசூரோ, பெரம்பூர் ஒண்டுக்குடித்தனமோ, காவிரிக் கரைக் கிராமமோ, இந்தப் பேச்சைக் கேட்காத தையல் அக்கா தமிழ்நாட்டில் இருக்க முடியாது. மால்கள் வந்தன. ரெடிமேட் வந்தது. செல்போனைத் தட்டினால் துணி வீடு தேடி வருகிறது. அத்தனைக்கும் பிறகும் தெருவுக்கு ஒரு தையல் மெஷின் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் டிசைன் படம் வருகிறது, ஜிபேயில் பணம் வருகிறது, வெளிநாட்டில் இருக்கும் பெண்ணுக்கு இங்கே தைத்துக் கூரியரில் போகிறது. கூலி பேசும் விதம் மட்டும் அப்படியே இருக்கிறது. வேலை நடக்கும் இடம் வீடு என்பதற்காக வேலையின் மதிப்பைக் குறைப்பது அநியாயம். அந்த அநியாயத்தைச் செய்பவர்களில் பெரும்பாலோர் கெட்டவர்கள் இல்லை, நம்மைப் போன்ற வாடிக்கையாளர்கள்தான்.

கத்தரி வைக்கும் முன்

ஜாக்கெட் தைப்பது என்றால் மெஷினை ஓட்டுவது என்று நினைக்கிறோம். மெஷின் ஓட்டுவது கடைசிப் பாதி.

முதலில் லைனிங் துணியைத் தண்ணீரில் நனைத்து, நிழலில் உலர்த்தி, இஸ்திரி போட வேண்டும். இதை விட்டுவிட்டால் முதல் துவைப்பிலேயே உள்துணி சுருங்கி, மேல்துணி முடிச்சு முடிச்சாகத் தூக்கிக்கொள்ளும். அடுத்து கரை. பட்டு ஜாக்கெட்டின் அழகே இரண்டு கையிலும் கரை ஒரே உயரத்தில் உட்காருவதில் இருக்கிறது. முதுகில் புட்டா நடுவில் விழ வேண்டும். ஓர் அங்குலம் தள்ளிப் போனாலும் கண்ணை உறுத்தும். கிராஸ் கட் கேட்டால் துணி அதிகம் பிடிக்கும். இருப்பதோ 80 சென்டிமீட்டர். அந்தத் துண்டுக்குள் முன்பக்கம், முதுகு, இரண்டு கை, பட்டி எல்லாவற்றையும் மனதுக்குள் அடுக்கிப் பார்த்த பிறகுதான் கோடு போட முடியும்.

பிறகு உள்பிடிப்பு. பக்கத் தையலுக்கு வெளியே கொஞ்சம் துணி விட்டு, இரண்டு மூன்று வரிசை தையல் போட்டு வைப்பார்கள். நாளை உடம்பு போட்டால் ஒரு வரிசையைப் பிரித்துவிட்டால் போதும். ஒரு பட்டு ஜாக்கெட் வளைகாப்புக்கும், குழந்தை பிறந்த பின்னும், பத்து வருடம் கழித்து ஒரு கல்யாணத்துக்கும் அதே பெண்ணுக்குப் பொருந்துவது இந்த இரண்டு விரல் துணியால்தான். எதிர்காலத்தையும் சேர்த்துத் தைக்கும் இந்த யோசனை பெரும்பாலான ரெடிமேட் ஜாக்கெட்டுகளில் கிடைக்காது.

இதையெல்லாம் சரியாகச் செய்தால் யாரும் கவனிப்பதில்லை. தப்பினால் மொத்தப் பழியும் ஒருவர் தலையில். இருபதாயிரம் ரூபாய்ப் புடவையின் ஜாக்கெட் துணியை நானூறு ரூபாய் கூலிக்கு வெட்டுகிறவர், அந்த இருபதாயிரத்தின் பொறுப்பையும் சேர்த்துத்தான் சுமக்கிறார்.

அளவு எடுக்கும் அறை

ஏன் பெண்கள் இன்னமும் வீட்டுத் தையலுக்கே போகிறார்கள்? கூலி குறைவு என்பது பாதி பதில்தான். மீதியை அளவு எடுக்கும்போது நடக்கும் பேச்சில் கேட்கலாம்.

கடைத்தெருத் தையற்காரரிடம் பெண்கள் பெரும்பாலும் அளவு ஜாக்கெட்டைக் கொடுத்துவிட்டு வந்துவிடுவார்கள். பழைய ஜாக்கெட்டில் இருக்கும் குறை புதியதிலும் அப்படியே வரும். வீட்டில் தைக்கும் அக்காவிடம் கதவைச் சாத்திக்கொண்டு உடம்பில் அளவு கொடுக்கலாம். “பால் குடுக்குறேன்கா, முன்னாடி திறக்குற மாதிரி வேணும்” என்று சொல்லலாம். தோள்பட்டை இறுகிக் கையைப் பின்னால் கொண்டுபோக முடியாத பெரியம்மாவுக்கு, ஊக்குக்குப் பதிலாக முன்பக்கம் ஒட்டிக்கொள்ளும் பட்டி வைத்துத் தரச் சொல்லலாம்.

மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்துகொண்ட பெண்கள் வருகிறார்கள். செயற்கை மார்பை வைப்பதற்கு ஜாக்கெட்டின் உள்ளே ஒரு பை வேண்டும். தழும்பில் தையல் உரசாதபடி உள்மடிப்பை மாற்ற வேண்டும். கழுத்தைக் கொஞ்சம் ஏற்ற வேண்டும், ஆனால் ஏற்றியது வெளியே தெரியக் கூடாது. எந்தக் கடை அலமாரியிலும் இப்படி ஒரு ஜாக்கெட் தொங்காது. தெருவில் இருக்கும் ஒரு பெண்ணிடம் அடங்கிய குரலில் சொல்லித்தான் இதைத் தைத்து வாங்க முடியும். தைத்துக் கொடுத்தவரும் அதை வெளியே பேசுவதில்லை. ஒரு தெருவின் கருத்தரிப்பு, கருச்சிதைவு, நோய், இளைப்பு எல்லாம் அந்த அளவு நோட்டில் வெறும் எண்களாக இருக்கின்றன. நல்ல தையல் அக்காக்கள் அந்த நோட்டை யாருக்கும் காட்டுவதில்லை.

இந்த நம்பிக்கைக்கு ரேட் கார்டில் ஒரு வரி கிடையாது.

நானூறு ரூபாயின் கணக்கு

ஒரு லைனிங் ஜாக்கெட்டுக்கு 400 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஊருக்கு ஊர் இது கூடும், குறையும். லைனிங் ஒரு மீட்டர், நூல், ஊக்கு, கேன்வாஸ், பைப்பிங் துணி எல்லாம் அவருடையது என்றால் 100 ரூபாய் அதிலேயே போய்விடும். மிச்சம் 300.

இனி நேரம். டிசைன் பேசி அளவெடுக்க 20 நிமிடம். லைனிங்கை இஸ்திரி போட்டு இரண்டு துணியையும் வெட்ட 40 நிமிடம். மெஷினில் 2 மணி நேரம். ஊக்கு, ஐ, கையால் எம்மிங் 40 நிமிடம். போட்டுப் பார்த்துச் சரிசெய்ய 20 நிமிடம். மொத்தம் 4 மணி நேரம். மணிக்கு 75 ரூபாய்.

இந்த 75 ரூபாயிலும் சில விஷயங்கள் விட்டுப்போயிருக்கின்றன. புடவை நிறத்துக்கு ஒத்த லைனிங் தேடி பஜாருக்குப் போய்வந்த பஸ் காசும் பாதி நாளும் இதில் சேரவில்லை. மோட்டார், பெல்ட், ஊசி, எண்ணெய், மெஷின் மக்கர் செய்தால் மெக்கானிக் கூலி சேரவில்லை. “அடுத்த மாசம் தர்றேன்கா” என்று சொல்லிவிட்டு வேறு தெருவுக்குக் குடிபோனவர்களின் பாக்கி சேரவில்லை. மெலிந்துவிட்டதாகச் சொல்லி மூன்று மாதம் கழித்துக் கொண்டுவரும் ஜாக்கெட்டை இலவசமாகப் பிடித்துக் கொடுத்ததும் சேரவில்லை.

வாடகை இல்லையே என்பது வாடிக்கையாளரின் வாதம். வாடகை இருக்கிறது. அதை அந்தக் குடும்பம் மொத்தமாகக் கட்டுகிறது. முன்னறையை மெஷினுக்கு விட்டுக்கொடுத்ததால் பிள்ளைகள் சமையலறை வாசலில் உட்கார்ந்து படிக்கிறார்கள். விருந்தாளி வந்தால் துணிப்பைகள் கட்டிலுக்கு அடியில் போகின்றன. மின்கட்டணமும் அந்த வீட்டு மீட்டரில்தான் ஓடுகிறது. கடைக்காரர் ஒன்பது மணிக்கு ஷட்டரை இழுத்துவிட்டால் அன்றைய வியாபாரம் முடிந்தது. வீட்டுக் கதவை அப்படிச் சாத்த முடியாது. ராத்திரி பத்தரைக்குத் தட்டி, “தூங்கிட்டீங்களா?” என்பார்கள்.

▌ பெட்டிச் செய்தி: கடிகாரம் சொல்லும் கதை

மத்திய அரசின் 2024ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் அதற்காக நாளொன்றுக்குச் செலவிடுவது சராசரியாக 289 நிமிடம். ஆண்கள் செலவிடுவது 88 நிமிடம். ஏறக்குறைய ஐந்து மணி நேர வீட்டு வேலைக்கு முன்னும் பின்னும் நடுவிலும்தான் தையல் அக்காவின் நான்கு மணி நேர ஜாக்கெட் நுழைந்தாக வேண்டும்.

மெஷின் வந்த வழி

ஐசக் சிங்கர் தன் தையல் மெஷினுக்குக் காப்புரிமை பெற்றது 1851இல். ஐந்தே ஆண்டுகளில் அவருடைய நிறுவனம் தவணை முறையில் விற்கத் தொடங்கியது. மெஷின் வீடுகளுக்குள் நுழைந்ததற்கு அந்தத் தவணை பெரிய காரணம். 1930களில் கல்கத்தாவில் உஷா மெஷின் உருவாகத் தொடங்கியதும் இந்தியக் குடும்பங்களுக்கு அது இன்னும் எட்டும் பொருளானது. எந்திரங்கள் எல்லாவற்றையும் எதிர்க்கிறீர்களா என்று 1924இல் ஓர் இளைஞர் கேட்டபோது, காந்தி விதிவிலக்காகச் சொன்னது சிங்கர் தையல் மெஷினைத்தான். கேட்டவர் ஜி. ராமச்சந்திரன். பின்னாளில் டாக்டர் சௌந்திரத்தோடு சேர்ந்து திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தை உருவாக்கியவர்.

தமிழ்நாட்டில் மெஷினுக்கு இன்னொரு முகமும் உண்டு. கணவரை இழந்தவர், கைவிடப்பட்டவர் என்றால் அரசும் அறக்கட்டளைகளும் முதலில் நினைப்பது தையல் மெஷினைத்தான். சத்தியவாணி முத்து அம்மையார் நினைவு இலவசத் தையல் இயந்திரத் திட்டம் பல ஆண்டுகளாக நடக்கிறது. தலைவர்கள் பிறந்தநாள் மேடைகளில் இஸ்திரிப் பெட்டி, மூன்று சக்கர வண்டியோடு தையல் மெஷினும் தவறாமல் இருக்கும். நல்ல எண்ணம்தான். அதே எண்ணம், தையல் என்றால் நாதியற்றவர்களுக்கான கைத்தாங்கல் என்ற நினைப்பையும் ஊன்றிவிட்டது. மெஷின் கொடுத்தால் தொழில் கொடுத்ததாகிவிடாது. கட்டிங் தெரிய வேண்டும், வாடிக்கையாளர் வர வேண்டும், கூலி கேட்கத் தைரியம் வேண்டும். மேடையில் வாங்கிய எத்தனையோ மெஷின்கள் துணி போர்த்தி மூலையில் நிற்பதற்குக் காரணம், வாங்கியவர்களின் சோம்பல் இல்லை. இந்த மூன்றையும் யாரும் கூடவே கொடுக்கவில்லை.

ஆரி வந்த பிறகு

சமீப வருடங்களில் இந்தத் தொழிலின் போக்கையே மாற்றியது ஆரி வேலை. குஜராத்தின் கட்ச் பகுதியில் தோல் தைத்தவர்களின் கொக்கி ஊசியில் இருந்து வளர்ந்த கலை. துணியை மரச்சட்டத்தில் இறுக்கிக் கட்டி, மேலே இருந்து கொக்கி ஊசியைக் குத்தி, அடியில் பிடித்திருக்கும் நூலை இழுத்துச் சங்கிலித் தையலாகப் போட்டுக்கொண்டு போவார்கள். அதில் ஜரி, கட் பீட்ஸ், குந்தன், முத்து எல்லாம் ஏறும். மணப்பெண் ஜாக்கெட் என்றால் முதுகில் யானையும் மயிலும் தொடங்கி, மணமக்கள் பெயர், கல்யாணத் தேதி வரை கேட்கிறார்கள்.

நானூறு ரூபாய்க்குப் பேரம் பேசிய அதே வாசலில் ஆரி ஜாக்கெட்டுக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியும் உழைப்புக்கு நாம் காசு கொடுக்கத் தயார். உள்மடிப்பில் ஒளிந்திருக்கும் உழைப்புக்குத் தயாரில்லை. ஆரி சொல்லிக்கொடுக்கும் வகுப்புகள் தெருவுக்குத் தெரு முளைத்ததில் இதற்குப் பங்கு உண்டு. கல்லூரி முடித்த பெண்கள்கூட இதற்கு வந்திருக்கிறார்கள். தையல் என்றாலே இரக்கத்தோடு பார்த்த வீடுகளில் ‘டிசைனர்’ என்ற சொல் நுழைந்திருக்கிறது. இது நல்ல மாற்றம்.

இன்னொரு பக்கமும் உண்டு. ஆர்டர் எடுப்பவர் ஒருவர், சட்டத்தில் குனிந்து ஊசி குத்துபவர் வேறொருவர் என்ற பிரிவினை வந்துவிட்டது. இன்ஸ்டாகிராமில் படம் போட்டு ஆர்டர் பிடிக்கும் பொட்டிக்கிடம் இருந்து துணி கைமாறி, நாலு தெரு தள்ளி ஒரு வீட்டுக்குள் போகிறது. அங்கே கூலி பீஸ் கணக்கு. வாடிக்கையாளர் கொடுத்தது எவ்வளவு என்பது குத்துகிற பெண்ணுக்குத் தெரியாது. முதுகு வேலைக்கு இவ்வளவு, கைக்கு இவ்வளவு என்று வரும் தொகையை வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். திருப்பூரில் பனியன் பிசிறு வெட்டும் வீடுகளில் நெடுங்காலமாக நடக்கும் அதே ஏற்பாடு, பட்டும் முத்துமாக வேறு வேடத்தில் வந்திருக்கிறது.

ஆடியில் அமைதி, தையில் தூக்கமில்லை

தையல் அக்காவின் வருமானம் பஞ்சாங்கத்தில் எழுதியிருக்கிறது. தை, வைகாசி, ஆவணி முகூர்த்தங்களில் மெஷின் ஓயாது. ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது சீருடை. பிறகு தீபாவளி, பொங்கல். ஆடியில் ஜவுளிக்கடைகளில் தள்ளுபடிக் கூட்டம் அலைமோதும், ஆனால் அந்தத் துணி உடனே தையலுக்கு வராது. மார்கழியில் கோலம் உண்டு, கல்யாணம் கிடையாது. இந்த இரண்டு மாதங்களில்தான் பல வீடுகளில் நகை அடகுக்குப் போகிறது.

பிரச்சினை என்னவென்றால், சீசனில் யாருக்கும் மாட்டேன் என்று சொல்ல முடிவதில்லை. ஆடியில் சும்மா இருந்த பயம் ஐப்பசியில் எல்லாப் பையையும் வாங்கி வைக்கச் சொல்கிறது. சொன்ன தேதி தவறுகிறது, பேச்சு கேட்க நேர்கிறது. “நாளைக்குத் தர்றேன்” என்று தையற்காரர்கள் சொல்லும் பொய் ஊரறிந்தது. அந்தப் பொய்க்குப் பின்னால் மூன்று ராத்திரி கண்விழிப்பு இருக்கிறது.

அந்தக் கண்விழிப்பு உடம்பில் நிற்கிறது. கழுத்தும் தோளும் முன்னால் வளைந்தே இருப்பதால் வலி தோளில் இருந்து கைக்கு இறங்குகிறது. கத்தரி பிடிக்கும் கட்டைவிரல் காலையில் மடங்க மறுக்கிறது. கருப்புத் துணியில் கருப்பு நூலால் ராத்திரியில் எம்மிங் செய்பவர்களின் கண்ணில் எரிச்சலும் நீரும். மாதவிடாய் நாளிலும் முதுகுச் சாய்வில்லாத ஸ்டூல்தான். முதுகுக்கு ஆதரவான ஒரு நாற்காலி, மெஷின் ஊசிக்கு நேராக ஒரு எல்.இ.டி. விளக்கு, அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நிற்பது, இந்த மூன்றும் பெரிய செலவில்லை. நாற்காலி வாங்கினால் அது தனக்காகச் செய்துகொண்ட செலவு என்று தோன்றிவிடுகிறது. மெஷினுக்கு மோட்டார் வாங்கத் தயங்காதவர், அதை ஓட்டும் முதுகுக்குத் தயங்குகிறார்.

பழம்புடவைக்குப் புது ஆர்டர்

புதுத்துணியோடு இன்னொரு வகை ஆர்டரும் இப்போது கூடுகிறது. அம்மாவின் பட்டுப்புடவை மடிப்பில் கிழியத் தொடங்குகிறது, தூக்கிப்போட மனமில்லை. நல்ல பாகத்தை எடுத்துப் பேத்திக்குப் பாவாடை, கரையை எடுத்து இன்னொன்றுக்கு ஒட்டு, முந்தானையில் ஒரு கைப்பை. இறந்துபோன பாட்டியின் சுங்குடிப் புடவைகளைச் சதுரம் சதுரமாக வெட்டி இணைத்து, நடுவில் பஞ்சோ பழைய போர்வையோ வைத்து, மேலே ஓட்டுத்தையல் போட்டு மெத்தைப் போர்வையாகக் கேட்கிறார்கள்.

நம் வீடுகளுக்கு இது புதிதில்லை. பிறந்த குழந்தையைக் கிடத்தப் பழம்புடவையை அடுக்கித் தைத்த மெத்தைதான் வழக்கம். துவைத்துத் துவைத்துப் பதமான நூல் அந்தத் தோலுக்கு இதம். வங்கத்தின் காந்தாவும், கர்நாடகத்தில் சித்திப் பெண்கள் தைக்கும் கவுதியும் இதே சிக்கனத்தில் பிறந்தவைதான். வீட்டுக்குள் இருந்த அந்த வேலை இப்போது காசு கொடுத்துக் கேட்கும் ஆர்டராகியிருக்கிறது. இதற்கான கூலி கேட்கத்தான் பலருக்குத் தெரியவில்லை. பழந்துணி என்பதால் கூலியும் குறைவு என்று இரண்டு பக்கமும் நினைக்கிறார்கள். உண்மையில் இற்ற துணியை இழை பார்த்து வெட்டி, கிழிசலுக்கு அடியில் வேறு துணி வைத்துத் தாங்கல் கொடுத்து, பல வயதுப் புடவைகளை ஒரே இழுப்பில் இணைப்பது புதுத்துணியைவிடக் கடினம். சதுரங்களை எண்ணிக் கூலி போடுங்கள், சதுரத்துக்கு இவ்வளவு என்று. ஒரு போர்வையில் எத்தனை சதுரம் என்று வாடிக்கையாளரே எண்ணிப் பார்த்துவிட்டால் பேரம் நின்றுவிடும்.

துண்டுத்துணிக் கூலிக்காக நடந்த ஒரு போராட்டத்தை இங்கே சொல்லியாக வேண்டும். அகமதாபாத் மில்களின் கழிவுத் துண்டுகளை வியாபாரிகள் வீடுகளுக்குக் கொடுப்பார்கள். பெண்கள் அவற்றை இணைத்து மெத்தை உறை தைத்துத் திருப்பித் தருவார்கள். கூலி மிகச் சொற்பம். 1972இல் இலா பட் தொடங்கிய சேவா அமைப்பு, 1970களின் பிற்பகுதியில் அந்தப் பெண்களை ஒன்று சேர்த்துக் கூலி உயர்வு கேட்டது. வியாபாரிகள் வேலையை நிறுத்திப் பணிய வைக்கப் பார்த்தார்கள். பெண்கள் தாங்களே துண்டுத்துணி வாங்கித் தைத்து விற்கத் தொடங்கினார்கள். அது ‘சபீனா’ கூட்டுறவாக வளர்ந்தது. வீட்டுக்குள் தனித்தனியாக இருப்பவர்கள் சங்கம் சேர முடியாது என்ற பேச்சு அங்கே பொய்யானது.

சட்டம் எங்கே நிற்கிறது?

வீட்டில் இருந்து வேலை செய்வோருக்கான சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 177ஆவது உடன்படிக்கை 1996இல் வந்தது. இந்தியா அதை ஏற்று உறுதிசெய்யவில்லை. 2008இல் வந்த அமைப்புசாராத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டம் ‘வீடுசார் தொழிலாளர்’ என்று ஒரு வகையைச் சொன்னது. ஒரு முதலாளிக்காகத் தன் வீட்டிலோ தான் தேர்ந்த இடத்திலோ கூலிக்கு வேலை செய்பவர் என்பது அதன் விளக்கம். பொட்டிக்குக்காக ஆரி குத்தும் பெண் இதற்குள் வரலாம். தெருவுக்குத் தைக்கும் அக்காவுக்கு முதலாளி கிடையாது, அவர் சுயதொழிலாளர். ஒரே பெண் காலையில் தெருவுக்கும் மாலையில் பொட்டிக்குக்கும் தைத்தால்? பொட்டிக் முதலாளி எழுத்தில் எதுவும் தருவதில்லை என்பதால் நடைமுறையில் அவர் இரண்டுக்கும் நடுவில் விழுகிறார்.

முறையாக நடக்கும் ஓர் ஏற்பாடு தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. சத்துணவுத் திட்டத்தில் உள்ள பள்ளி மாணவர்களுக்கு ஆண்டுக்கு 4 ஜோடி இலவசச் சீருடை தருகிறார்களே, அவற்றைத் தைப்பது சமூக நலத்துறையின்கீழ் உள்ள மகளிர் தையல் கூட்டுறவு சங்கங்களின் உறுப்பினர்கள். வெட்டிய துணியை வாங்கிப் போய் வீட்டில் தைத்துத் திருப்பித் தருகிறார்கள். கூலியை அரசு நிர்ணயிக்கிறது. அந்தக் கூலி போதுமா என்பது தனி விவாதம். ஆனால் அது எழுத்தில் இருக்கிறது, எல்லோருக்கும் ஒன்றாக இருக்கிறது, உயர்த்தக் கேட்பதற்கு ஒரு கதவும் இருக்கிறது.

▌ பெட்டிச் செய்தி: தையல் அக்காக்கள் கவனத்துக்கு

தமிழ்நாடு தையல் தொழிலாளர்கள் நல வாரியத்தில் 18 முதல் 60 வயது வரை உள்ளவர்கள் பதிவு செய்யலாம். கடையில் தைப்பவர்களுக்கு மட்டும்தான் என்று பலர் நினைத்துக்கொண்டு விட்டுவிடுகிறார்கள். பிள்ளைகளின் படிப்பு, திருமணம், மகப்பேறு, விபத்து, 60 வயதுக்குமேல் ஓய்வூதியம் ஆகியவற்றுக்கு உதவி உண்டு. கண் கண்ணாடிக்கும் உண்டு.

மத்திய அரசின் விஸ்வகர்மா திட்டத்தை அதன் அப்போதைய வடிவில் ஏற்கத் தமிழ்நாடு அரசு 2024இல் மறுத்தது. அதற்குப் பதிலாக, சாதி வேறுபாடு இல்லாமல் 25 தொழில்களுக்குக் கலைஞர் கைவினைத் திட்டத்தை 2025இல் தொடங்கியது. தையலும் அதில் அடக்கம். 35 வயது நிரம்பியவர்களுக்கு 3 லட்சம் ரூபாய் வரை கடன், 25 சதவீத மானியம் (அதிகபட்சம் 50,000 ரூபாய்).

வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனங்களில் தையல் பயிற்சி இலவசம்.

விலைப்பலகை மாட்டிய வீடுகள்

வாரியமும் கடனும் அவசியம். அன்றாடக் கூலி உயர்வது மட்டும் அந்த வாசலில்தான் நடந்தாக வேண்டும். தங்கள் உழைப்பை மதிக்கத் தொடங்கிய அக்காக்கள் சில எளிய பழக்கங்களைக் கொண்டுவந்திருக்கிறார்கள். பாதித் தொகை முன்பணம் கொடுத்த பிறகுதான் கத்தரி வைப்பது. துணி வாங்கும்போதே எழுதிக் கொடுக்கும் சீட்டில் கூலி, தேதி, டிசைன் மூன்றும் இருப்பது. முதல் திருத்தம் இலவசம், ஒரு மாதம் தாண்டினால் காசு. தீபாவளி ஆர்டர் இந்தத் தேதியோடு முடிகிறது என்று முன்கூட்டியே வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுவது. அவசரம் என்றால் அவசரக் கூலி.

இவற்றில் எது மிகவும் பலிக்கிறது என்றால், என் பார்வையில், சுவரில் மாட்டிய விலைப்பலகைதான். சாதா ஜாக்கெட், லைனிங், பிரின்சஸ் கட், பட்டுப்பாவாடை, ஃபால்ஸ், பீகோ, ஆல்ட்ரேஷன் என்று வரிசையாக எழுதி ஒட்டியதும் பேச்சு மாறுகிறது. வாயால் சொல்லும் கூலியைக் குறைக்கச் சொல்கிறவர்கள் எழுதியிருக்கும் கூலியிடம் அவ்வளவாக மல்லுக்கு நிற்பதில்லை. பலகையில் ‘வெட்டுக்கூலி’, ‘தையல்கூலி’, ‘லைனிங்’ என்று தனித்தனியாகப் பிரித்துப் போட்டால் இன்னும் நல்லது. நானூறு எங்கே போகிறது என்று வாடிக்கையாளருக்கே விளங்கும். ஒரு தெருவில் மூன்று பேர் தைக்கிறார்கள் என்றால் மூவரும் உட்கார்ந்து ஒரே கூலி பேசிக்கொள்வது அடுத்த படி. ஒருவர் நானூறு கேட்க, இன்னொருவர் முந்நூறுக்கு ஒத்துக்கொண்டால் இருவருக்குமே முந்நூறுதான் நிலைக்கும். மகளிர் குழுக் கூட்டத்தில் கடன் தவணை பேசி முடித்த பிறகு இதற்குப் பத்து நிமிடம் போதும்.

▌ பெட்டிச் செய்தி: துணி கொடுக்கப் போகிறீர்களா?

விசேஷத்துக்கு மூன்று வாரம் முன்பே கொடுங்கள். ஆரி என்றால் இரண்டு மாதம். அளவு ஜாக்கெட்டோடு நீங்களும் போய் உடம்பில் அளவு கொடுங்கள். எந்த உள்ளாடையோடு அணிவீர்களோ அதோடு போனால்தான் அளவு சரியாக நிற்கும். டிசைன் படத்தைக் காட்டும்போது உங்கள் துணி அதற்கு ஒத்துவருமா என்று கேளுங்கள். ‘வராது’ என்று சொல்பவர் தொழில் தெரிந்தவர். முன்பணத்தைக் கேட்கும் முன்பே கொடுங்கள். தைத்ததை வாங்கும்போது அங்கேயே போட்டுப் பாருங்கள். பாக்கியை அன்றே முடியுங்கள். ராத்திரி எட்டு மணிக்குமேல் கதவைத் தட்டாதீர்கள்.

பல தையல் அக்காக்கள் தங்கள் மகள்களை மெஷின் பக்கம் விடுவதில்லை. “நீ படி, இந்தத் தொழில் என்னோட போகட்டும்” என்கிறார்கள். படிக்கட்டும், அதில் மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் தையலுக்கான அரசுத் தொழில்நுட்பத் தேர்வில் லோயர், ஹையர் இரண்டையும் முடித்து, நாற்பது வகைக் கழுத்தை வெறும் கையால் வரையத் தெரிந்த ஒருவர் தன் தொழிலைப் பற்றி இப்படிச் சொல்லும் நிலைக்குக் காரணம் தொழிலின் குறை இல்லை. இருபது வருடம் அவர் வாசலில் நின்று கூலியைக் குறைத்தவர்கள் சேர்ந்து ஏற்படுத்திய நிலை அது. இந்தத் தீபாவளிக்குக் கொடுத்த துணியை வாங்கப் போகும்போது அவர் சொன்ன கூலியை முழுதாகக் கொடுங்கள். ஊக்கு தைத்துக் கொடுத்து உதவும் மகள் இருந்தால், முடிந்தவரை அவளுக்கும் சேர்த்துக் கொடுங்கள். அளவு நோட்டில் உங்கள் பக்கத்தில் ‘பாக்கி’ என்று எதுவும் எழுதியிருக்கிறதா என்று கேட்டு, அதையும் அன்றே தீர்த்துவிடுங்கள்.